யாரும் முடிவு பார்க்காத படம்

டயர்க்காரருக்கு சினிமா ஒத்துவராது. இருட்டில் உட்காரவைத்தால் போதும், பேர் போட்டு முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவியோடு போன ஒரு படத்தில், இடைவேளைக்கு அவள் தோளைத் தட்டி எழுப்ப, "முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்று கேட்ட ஆள் அவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி சொந்தக்காரர்களில் பாதிப்பேரைச் சிரிக்கவைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவன், வழியில் போகிறவன் ஒருத்தனையும் விடாமல் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் பாத்தியா? கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆகுறா?"

பெரிய ரோட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் காற்றடிக்கும் மெஷின், பக்கத்தில் டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, தொட்டி விளிம்பில் பிடுங்கிய ஆணிகள் நிறைந்த ஒரு டப்பா. அதுதான் கடை. எல்லோருக்கும் அவர் டயர்க்காரர். கரண்ட் பில்லில் வேறு ஒரு பேர் இருக்கும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரே மகள். வீட்டில் பாப்பா. கணக்குப் படித்து, வெளியூரில் பெரிய ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போய்வந்தபோதும் பாப்பாதான். போன மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "லீவுப்பா" என்றாள். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

முதலில் தூங்கினாள். அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று விட்டார்கள். பிறகு சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வர ஆரம்பித்தது. பிறகு பேச்சு நின்றது. கேட்டால் "ஒண்ணுமில்ல". அதட்டினால் "ஒண்ணுமில்ல". கெஞ்சினாலும் அதேதான். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பேசிப்பார்க்க மறுபடி வரச் சொன்னார். மறுபடி போவதற்கு அவள் எழுந்திருக்கவே இல்லை. மாத்திரை டப்பா இப்போது அம்மாவின் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். பாப்பாவின் அறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளை டயர்க்காரரே ஒருநாள் கழற்றினார். "துரு ஏறிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிக் கழற்றியவர் மாற்றவில்லை. எதற்குக் கழற்றினோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று இருவருக்கும் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியானம் பாப்பா குளித்து, தலைவாரி, அப்பாவின் கடைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "படத்துக்குப் போயிட்டு வரேன்" என்றாள். முதுகில் பெரிதாக டயர் படம் போட்ட மஞ்சள் சட்டை அது. வேறு நாளாக இருந்தால் அவள் அம்மா "பொம்பளப் புள்ள போடுற சட்டையா இது?" என்று ஆரம்பித்திருப்பாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். மகள் தெருமுனை திரும்பியதும் கடைக்கு ஓடிவந்து, "ஏங்க, பாப்பா வெளிய போயிட்டா! தானாப் போயிட்டா!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவளை டயர்க்காரர் வாசலிலேயே பிடித்தார். "படம் எப்படிம்மா?"

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பொத்தானையே பார்த்தாள்.

"அதுல வர்ற பொண்ணு மாதிரிதான்பா நானும். எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க போய்ப் பாருங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். பல மாதத்தில் அவள் சேர்த்துப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். டயர்க்காரர் அதை மனசுக்குள் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் மாதிரி என்றால் எந்த மாதிரி?

முதலில் மச்சானைக் கேட்டார். மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவன். ஊரான் ஓட்டும் வண்டியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்காலியில் இருந்தாலும் வலது கால் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"அந்தப் படமா? போஸ்டரைப் பாத்துப் பேய்ப்படம்னு போனேன் மாமா. பேயும் வரல, ஒரு பூனைகூட வரல. ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. உக்காந்திருக்கு. உக்காந்தே இருக்கு. எனக்குப் பிரேக் போட்டுப் போட்டுக் காலே மரத்துப்போச்சு. பாதியில வந்துட்டேன்."

"கடைசில என்ன ஆகுறா?"

"கடைசி வரைக்கும் இருந்தா நான் என்ன ஆகிருப்பேனோ!"

மெடிக்கல் ஷாப்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அது படமில்லைங்க. ஒரு அனுபவம்."

"இருக்கட்டும். முடிவு?"

"முடிவுங்கறதெல்லாம் பெரிசில்லைங்க…"

"நீங்க முடிவைப் பாத்தீங்களா இல்லையா?"

"இடைவேளையில கடையைத் திறக்கணும்னு வந்துட்டேன்."

ஒருத்தன் செத்துப்போகிறாள் என்றான். கேட்டால், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம். இன்னொருத்தன் பஸ் ஏறிப் போய்விடுகிறாள் என்றான். அது வேறு படம். மச்சான் போனில் தேடி யாரோ எழுதிய விமர்சனத்தை வாசித்துக் காட்டினான். 'மெதுவாக நகரும், இருண்ட, மனதைப் பிசையும் படம். மனம் சோர்ந்திருப்பவர்கள் தவிர்க்கலாம். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை.'

"சொல்லித் தொலைங்கடா!" என்று டயர்க்காரர் போனைப் பார்த்துக் கத்தினார். பஞ்சருக்கு நின்ற ஸ்கூட்டர்க்காரர் பயந்துபோய் அடுத்த கடை பார்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"நீங்களே போய்ப் பாக்கறதுதானே மாமா?"

அதுதான் முடியவில்லை. டயர் கழற்றும் கம்பியை எடுப்பார், வைப்பார். தியேட்டர் வழியாகப் போவார், டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் போய் வண்டியைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண் மாதிரிதான் நான் என்று மகள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது? பார்க்காதவரைக்கும் எதுவும் நடக்கவில்லை. நடக்காமலே இருக்கட்டும். இப்படி ஒரு கணக்கு.

மனைவியும் அதையே வேறு மாதிரிச் சொன்னாள். "வேண்டவே வேண்டாம். அவளே இப்படிக் கிடக்கா. நீங்களும் அதப் பாத்துட்டு மூலையில உக்காந்தா நான் யாருக்குன்னு தட்டு வைப்பேன்?"

"அவ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கா. அதையும் செய்யலன்னா நான் என்ன அப்பன்?"

"அப்ப போங்க."

"போய், அந்தப் பொண்ணு செத்துட்டா?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தியேட்டர் ஆள் பசை வாளியோடு வந்து, கடைக்கு எதிர்ச்சுவரில் புதுப்பட போஸ்டர் ஒட்டினான். கத்தி, ரத்தம், பத்துப்பேர் பறக்கிறார்கள். இன்று மாலை முதல்.

"ஏம்ப்பா, அப்ப அந்தப் படம்?"

"எதுண்ணே, தூங்கற படமா? மத்தியான ஷோவோட தூக்கறாங்க. அதுவும் மூணு தலையாவது இருந்தாத்தான் ஓட்டுவாங்க. ஆபரேட்டர்தான் டிக்கெட்டும் கொடுப்பாரு, போய்ப் பாருங்க."

இனி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ள வழியில்லை. பார்த்தால் இன்றைக்கு. இல்லாவிட்டால் மகள் என்ன சொல்ல வந்தாள் என்பது காலத்துக்கும் தெரியப்போவதில்லை. கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தார். மூன்று தலை வேண்டும். ஒன்று தன் தலை. இன்னொன்றுக்கு மச்சானைப் போனில் பிடித்து, "கேள்வி கேக்காத, வா" என்றார். மூன்றாவது தலை கடையிலேயே இருந்தது. பின்சக்கரம் கழற்றிய லாரியோடு நின்றுகொண்டிருந்த டிரைவர்.

"பேட்ச் காயட்டும். வாங்க, படம் பாப்போம்."

"படமா? இப்பவா? லோடு போகணும்ண்ணே."

"சக்கரம் என்கிட்ட இருக்கு. நான் வந்துதான் மாட்டணும்."

லாரிக்காரர் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "ஏசி உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி. எந்தப் படமா இருந்தா என்ன."

அவ்வளவு பெரிய தியேட்டரில் மூன்றே பேர். உட்கார்ந்ததும் லாரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முன் நாற்காலியில் காலைப் போட்டார். விளக்கு அணைவதற்கு முன்பே தூங்கிவிட்டார். மச்சான் சிறிது நேரம் பிரேக் போட்டுப் பார்த்தான். பிறகு அவனும் சாய்ந்தான். டயர்க்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கொட்டகை இருட்டில் தூக்கம் வரவில்லை.

படத்தில் ஒரு பெண். வாடகைக்கு ஒரு அறை. காலையில் ஆபீஸ் போகிறாள், சாயங்காலம் வருகிறாள். வந்து கட்டில் நுனியில் உட்காருகிறாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. வெளிச்சம் சுவரில் ஏறி, இறங்கி, போய்விடுகிறது. அப்போதும் பை தோளிலேயே கிடக்கிறது. 'அந்தப் பையை இறக்கி வைம்மா' என்று டயர்க்காரர் வாய்க்குள் சொன்னார். யாரும் அதிகம் பேசாத படம். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு நாள் அந்தப் பெண்ணின் அப்பா ஊரிலிருந்து வருகிறார். மகளைப் பார்க்கிறார். அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார். விசிறி ஓடவில்லை. உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, விசிறியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டுகிறார்.

'பரவாயில்ல, வேலைக்காரன்' என்று டயர்க்காரர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். 'வந்ததும் கையோட ஒரு வேலையை முடிச்சான் பாரு.'

விசிறி சுற்றுகிறது. அப்பா கையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவள் வாசல்வரை வருகிறாள். ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அவர் அதற்குள் படியிறங்கிவிடுகிறார். கதவை மூடிவிட்டு அவள் விசிறிக்குக் கீழே நிற்கிறாள். முடி பறக்கிறது. முகம் மட்டும் அசையவில்லை.

டயர்க்காரர் மெச்சியது பாதியில் நின்றது. பாப்பா பெட்டியோடு வந்த அன்று அவர் என்ன செய்தார்? பெட்டியின் சக்கரம் ஒன்று ஆடியது. "இது என்ன இப்படி ஆடுது, குடு" என்று வாங்கிக்கொண்டு போய் சக்கரத்தைச் சரிசெய்தார். அப்புறம் அவள் அறையில் பல்பு மாற்றினார். ஜன்னல் கொக்கி மாற்றினார். தாழ்ப்பாளைக் கழற்றினார். அந்த அறையில் அவர் கை படாத சாமான் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, "சொல்லு" என்று ஒரு தடவை காத்திருந்ததில்லை. கேட்டதெல்லாம் நின்றபடி கேட்டது. ஒரு கை கதவில்.

திரையில் அந்தப் பெண் எழுந்தாள். அறையைவிட்டு வெளியே வந்து படியேற ஆரம்பித்தாள். மொட்டை மாடி. கொடியில் துணிகள். ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. அவள் தொட்டிப் பக்கம் நடக்கிறாள். மெதுவாக நடக்கிறாள். கைப்பிடிச்சுவர் அங்கே உடைந்திருக்கிறது.

டயர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். முன் நாற்காலி முதுகில் நெற்றியை முட்டி, கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மூச்சை எண்ணினார். வேண்டாம்மா, வேண்டாம்மா, வேண்டாம்மா.

கண்ணைத் திறந்தபோது காலடியில் வெளிச்சம். நிமிர்ந்தார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. திரை வெள்ளையாக இருந்தது. படம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் பயந்து, கடைசியில் வந்து, எதைப் பார்க்க வந்தாரோ அதை மட்டும் பார்க்கவில்லை.

தூங்குகிற இரண்டு பேரையும் தாண்டி, மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தள்ளினார். ஆபரேட்டர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசில என்ன ஆச்சு? அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"யாருக்குத் தெரியும்?"

"யோவ், நீதானே ஓட்டுன!"

"ஓட்டுனேன். எட்டிப் பாத்தேன், மூணு பேரும் படுத்துட்டீங்க. நிறுத்திட்டேன். இங்க அப்படித்தாங்க. பாக்க ஆள் இல்லன்னா எதுக்குக் கரண்ட்டு? இந்தப் படத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட முடிவு வரைக்கும் உக்காரல. இன்னும் அரை மணி கிட்ட பாக்கி இருக்கு. நானே பாத்ததில்ல."

டயர்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முடியலையா? இன்னும் இருக்கா?"

"இருக்கு. என்ன இருக்கப்போவுது, அந்தப் பொண்ணு எங்கயாச்சும் உக்காந்திருக்கும்." ஆபரேட்டர் சிரித்தார். "ஒருநாள் பாருங்க, படம் இதே எடத்துல இருக்கும்போது யாருமில்லன்னு நிறுத்தி லைட்டப் போட்டா, இதோ இந்த ஜன்னலுக்கு நேர்கீழ ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. மேல இருந்து எனக்குத் தெரியல. எந்திரிச்சு வெள்ளத் திரையையே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் என்னைப் பாத்து, 'முடிஞ்சுதா?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"மறுபடி யாரு ஓட்டறது? முடிஞ்சுதும்மான்னுட்டேன். பேசாம போயிடுச்சு. ஆம்பளைச் சட்டை போட்டிருந்துச்சு. மஞ்சள் கலரு, முதுகுல…" ஆபரேட்டரின் கண் டயர்க்காரரின் மஞ்சள் சட்டையில் நின்றது. "…இதே சட்டைங்க."

டயர்க்காரர் கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தொட்டி ஓரம் வரைக்கும் நடந்து போனவள். அதற்கு மேல் வெள்ளைத் திரை. முடிந்துவிட்டது என்று ஒருத்தன் சொல்லியும் விட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பாப்பா சொன்னாள், நானும் அவளை மாதிரிதான் என்று.

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏங்க, ஒண்ணு தெரியுமா? பாப்பா தானா எந்திரிச்சு, 'உனக்கு முட்டி வலி, நான் போய்த் துணி எடுத்துட்டு வரேம்மா'ன்னு மாடிக்குப் போயிருக்கா! எவ்வளவு நாளாச்சு அவ இப்படி ஒரு வேலை செஞ்சு…"

"நீ மேல போ."

"என்ன?"

"மேல போ. இப்பவே போ. அவகிட்ட பேச்சுக் குடுத்துட்டே இரு. நான் வரேன்."

மறுமுனையில் போன் கீழே விழும் சத்தம். பிறகு, முட்டி வலிக்காரி படியேறும் சத்தம்.

ஆபரேட்டரின் இரண்டு கையையும் பிடித்தார் டயர்க்காரர். "அவ என் மக. அந்த மிச்சத்தை வச்சிரு. நான் அவளக் கூட்டிட்டு வரேன். உன் காலப் புடிக்கிறேன்யா."

ஆபரேட்டரின் முகம் மாறிப்போனது. போனை அணைத்து மேசையில் வைத்தார். "புதுப்படத்துக்குக் கூட்டம் நிக்குது. ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும். போங்க, கூட்டிட்டு வாங்க."

மச்சானை உதைக்காத குறையாக எழுப்பினார். லாரிக்காரரும் எழுந்துகொண்டு, "முடிஞ்சுதா? நல்ல படம்" என்றார். அவரைத் தியேட்டர் வாசலில் நிற்கவைத்து, யாரையும் உள்ளே விடாதீங்க என்று சொல்லிவிட்டு, இருவரும் டிரைவிங் ஸ்கூல் காரில் பாய்ந்தார்கள்.

மச்சான் பறந்தான். ஆனால் வண்டி பறக்கவில்லை. நாலடி ஓடுவதும் குலுங்கி நிற்பதுமாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் திட்டினார்கள்.

"என்னடா ஓட்டுற! ஓட்டுடா!"

"நான் ஓட்டுறேன் மாமா! நீங்க கால எடுங்க! நீங்கதான் பிரேக்க மிதிக்கிறீங்க!"

குனிந்து பார்த்தார். கற்றுக்கொள்கிறவன் பக்கத்தில் உட்காருகிற வாத்தியாருக்கென்று அந்த வண்டியில் இன்னொரு பிரேக். அதை அவருடைய கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு மாடிப்படியின் உச்சிப் படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நடக்க முட்டி விடவில்லை. மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டிருந்தாள். "…அந்த நீலப் போர்வை காஞ்சிருக்கா பாருடி, காயலன்னா விடு, நாளைக்கு எடுக்கலாம், அப்புறம் உங்க அத்தை போன் பண்ணா, என்ன சொன்னா தெரியுமா…" கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓட, குரல் மட்டும் கதை பேசியது.

பாப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றாள். முதுகு இவர்கள் பக்கம். துணி எடுக்க வந்தவள். கொடியில் துணி ஒன்றுகூடக் குறையவில்லை.

டயர்க்காரர் ஓடவில்லை. கொடிக்குக் கீழே குனிந்து, மெதுவாக, பாதி தூரம் போய் நின்றார்.

"பாப்பா. படம் முடியலம்மா."

அவள் திரும்பினாள்.

"நீ பாத்தது முழுசு இல்ல. ஆள் இல்லன்னு நெனச்சு அந்த மடையன் பாதியில நிறுத்திட்டான். இன்னும் அரை மணி கிட்ட இருக்காம்."

"நான் கேட்டேனே. முடிஞ்சுதுன்னாரே."

"அவனே பாத்ததில்லையாம். ஊர்ல ஒருத்தனும் பாக்கல."

கொடியில் போர்வை அடித்துக்கொண்டது. அவள் அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்ப அவ என்னப்பா ஆனா?"

நாக்கு நுனிவரைக்கும் ஒரு பொய் வந்தது. நல்லா இருக்காம்மா, ரொம்ப நல்லா இருக்கா என்று. அதைச் சொன்னால் கூடவே வந்துவிடுவாள். ஆனால் இவளிடம் ஏற்கெனவே ஒருத்தன் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறான்.

"தெரியலம்மா. அவ தொட்டிப் பக்கம் போகும்போது பயந்து தலையக் குனிஞ்சுட்டேன். நிமிர்ந்தா லைட்டு எரியுது."

"நீங்க தூங்கலையா?"

"இல்ல."

"நெஜமாவா?"

"உங்க மாமாதான் தூங்குனான். நான் தூங்கல. அந்த ஃபேனு சரிபண்ணிட்டுப் போறான் பாரு ஒரு கேனையன், அது வரைக்கும், அதுக்கு அப்புறமும், எல்லாம் பாத்தேன்."

பாப்பாவின் உதடு கோணிக்கொண்டது. அது அழுகைக்கா, வேறெதற்கா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தனியாப் பாக்க எனக்கு முடியாது. நீ வா. என்ன ஆனாலும் சேர்ந்து பாப்போம்" என்றார் டயர்க்காரர். கையை நீட்டினார். நகக்கண்ணில் டயர்க்கரி அப்பிய கை. அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் அவர் ஒரு வருஷம் என்பார். பிறகு நடந்து வந்தாள்.

தியேட்டர் வாசலில் ஒரே களேபரம். லாரிக்காரர் கதவை மறித்துக்கொண்டு, "உள்ள ஒருத்தருக்கு வாந்தி, கழுவறாங்க" என்று அளந்துகொண்டிருந்தார். அப்பாவும் மகளும் உள்ளே போனதும் மச்சானும் அவரோடு சேர்ந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

விளக்கு அணைந்தது. அந்தப் பெண் மறுபடி படியேறினாள். மறுபடி துணிகளைக் கடந்து தொட்டி ஓரம் வந்தாள். டயர்க்காரர் மகளின் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். இந்த முறை குனியவில்லை. கண்ணில் நீர் கட்டி, திரை கலங்கலாகத் தெரிந்தது, துடைக்கவும் பயம்.

அவள் நிற்கிறாள். காற்று அடிக்கிறது. அவள் நிற்கிறாள். சுவர் உடைந்த இடத்தில் வானம் தெரிகிறது. கொட்டகைக் கதவை வெளியே யாரோ தட்டுகிறார்கள். அவள் நிற்கிறாள். அப்போது தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. தண்ணீர் தரையில் பரவி, அவள் பாதத்தைத் தொட்டது. அவள் கீழே பார்த்தாள். நெடுநேரம் பாதத்தையே பார்த்தாள். பிறகு தொட்டிக்குப் பின்னால் போய்க் குழாயைத் திருகி மூடினாள். ஈரக் காலோடு படியிறங்கினாள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தாள்.

"தண்ணி நிரம்பிடுச்சு. உள்ள வரட்டுமா?" என்றாள் அந்தப் பெண். படம் முழுக்க அவள் பேசிய பேச்சு அதுதான். திரை இருண்டு, பேர்கள் ஓட ஆரம்பித்தன.

"இவ்வளவுதானா?" என்றாள் பாப்பா. கடுப்பாக. காசுக்கு ஏமாந்தவள் மாதிரி.

அந்தக் கடுப்பைக் கேட்டு டயர்க்காரருக்கு விம்மல் வந்துவிட்டது. வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "ஆபீஸ்ல எனக்கு மேல ஒருத்தர் இருந்தாருப்பா" என்றாள். நிறுத்தினாள்.

டயர்க்காரர் எழுந்திருக்கவில்லை. ஒரு பொருளையும் சரிசெய்யத் தேடவில்லை. "சொல்லு" என்றார்.

கதவு திறந்துகொண்டது. கூட்டம் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஒருத்தன் வந்து, "அண்ணே, இது எங்க சீட்டு" என்றான். அப்பாவும் மகளும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். அங்கேயும் ஆள் வந்தது. இன்னும் தள்ளி உட்கார்ந்தார்கள். வரிசை முடிந்ததும் பின்வரிசை, அதற்கும் பின்வரிசை. கடைசியில் ஆபரேட்டர் ஜன்னலுக்கு நேர்கீழே, சுவரோரம், யாருக்கும் வேண்டாத இரண்டு இடம் கிடைத்தது.

புதுப்படம் வெடிச்சத்தத்தோடு ஆரம்பித்தது. கூட்டம் விசிலடித்தது. நாளைக்கு இவள் எழுந்திருப்பாளா, சாப்பிடுவாளா, அந்த டாக்டரிடம் வருவாளா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. காதை மகளின் வாயருகே கொண்டுபோய், டியூபில் காற்று எங்கே கசிகிறது என்று கேட்பதுபோல வைத்துக்கொண்டார். பாதிதான் காதில் விழுந்தது. விழாத இடங்களில் எல்லாம், "என்ன? மறுபடி சொல்லு" என்றார். அவள் மறுபடி சொன்னாள்.